மழையிலும் மலையிலும் தூக்கிப் போக இரண்டாவது ரைஃபிள்: எந்த கேலிபர்?

சியாட்டிலில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் .300 வின்செஸ்டர் மேக்னம் (மேக்னம் என்றால் மருந்து அதிகம் ஏற்றிய பெரிய தோட்டா) ரைஃபிள் ஒன்று இருக்கிறது, வால்நட் மரக் கட்டை, நீலம் ஏற்றிய எஃகுக் குழல், ஸ்கோப்போடு சேர்த்து ஒன்பது பவுண்டு. இதுவரை கொலராடோவில் மியூல் மானுக்கும் எல்க் என்ற பெரிய மானுக்கும் அதைத்தான் தூக்கிப் போயிருக்கிறார். அடுத்த நவம்பரில் அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கு, சிட்கா கறுப்புவால் மான் வேட்டைக்குப் போகிறார். எந்த மழையையும் தாங்குகிற, எடை குறைந்த இரண்டாவது ரைஃபிள் ஒன்று வேண்டும், அதற்கு எந்த கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எடுக்கலாம் என்பது கேள்வி. அதே .300-ஐ வாங்கினால் தோட்டா பொதுவாக இருக்குமே என்று ஒரு யோசனை, 6.5 கிரீட்மோர் வாங்கு என்று கடைக்காரர் சொன்னது இன்னொன்று, .30-06, .308, 7மி.மீ-08 எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மனைவியும் எப்போதாவது அதைச் சுடுவார் என்றும் எழுதியிருக்கிறார்.

என் பதில் .308 வின்செஸ்டர். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது ரைஃபிள் எப்போது கைக்கு வரும் என்று யோசியுங்கள். முதல் ரைஃபிள் விழுந்து ஸ்கோப் ஆடிப்போயிருக்கும், அல்லது விமானத்தில் பெட்டி வந்து சேர்ந்திருக்காது, அல்லது மூன்று நாளாக விடாத மழையில் மரக்கட்டை ஊறிப்போய் குறி எங்கே போகிறது என்றே தெரியாமல் இருக்கும். கை விறைத்திருக்கும், தூக்கம் போதாது, மனதும் சரியில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் இதை எடுப்பீர்கள். அந்த நாளில் தோளைப் பெயர்க்கிற துப்பாக்கியோ, உள்ளூர்க் கடையில் தோட்டா கிடைக்காத துப்பாக்கியோ கையில் இருந்தால் ஆபத்துக்கு உதவாத பிள்ளையை வளர்த்த கதைதான். கேலிபர் பற்றிய மற்ற வாதம் எல்லாம் இதற்கு அப்புறம்.

அதே .300 மேக்னத்தை இலேசான துப்பாக்கியில் வாங்கும் யோசனையை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உதையை, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் வேகத்தை, கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டை வினாடிக்கு 2960 அடி வேகத்தில் தள்ளும் சாதாரணத் தொழிற்சாலைத் தோட்டாவை உங்கள் ஒன்பது பவுண்டு துப்பாக்கியில் சுட்டால் உதை ஏறத்தாழ 28 அடி-பவுண்டு. இதுவே பலருக்கு அதிகம். அதே தோட்டாவை ஸ்கோப்போடு ஏழு பவுண்டு வரும் துப்பாக்கியில் போட்டால் 36-க்கு ஏறிவிடும். அதே ஏழு பவுண்டு துப்பாக்கியில் 180 கிரெய்ன் .30-06 சுமார் 25, 165 கிரெய்ன் .308 சுமார் 20, 140 கிரெய்ன் 7மி.மீ-08 பதினாறரை, 6.5 கிரீட்மோர் பதினைந்து. வெடிமருந்தின் எடையைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும், ஆனால் வரிசை மாறாது. முப்பத்தாறு வாங்கியவர் அடுத்த குண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பார், ஆண்பிள்ளைத்தனம் பேசுகிறவர்களும்தான், ரேஞ்சில் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். துப்பாக்கி காலி என்று தெரியாமல் விசையை இழுக்கும்போது குழல் முனை ஒரு அங்குலம் கீழே குதிக்கும் பாருங்கள், அதுதான் அந்த பயம்.

குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையிட்ட மூடி) மாட்டினால் உதை குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் காதுக்கு அது நரகம், வேட்டையில் காதுக்கவசம் மாட்ட நேரம் கிடைப்பதும் அபூர்வம், பக்கத்தில் நிற்பவர் உங்களோடு இரண்டாம் முறை வேட்டைக்கு வரமாட்டார்.

அலாஸ்கா மாநில மீன்வள, வனவிலங்குத் துறையே வெளியூர் வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் இந்த விஷயம் இருக்கிறது. புதுசாக வாங்கி, குறி வைப்பதற்கு மட்டும் சில தடவை சுட்ட பெரிய மேக்னத்தோடு வருகிறவரைவிட, நன்றாகக் கைவந்த .270 அல்லது .30-06 வைத்திருப்பவர் முகாமுக்கு வருவதைத்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் விரும்புகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். உலகத்திலேயே பெரிய பழுப்புக் கரடிகள் திரிகிற ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்கள்.

சரி, அந்த மேக்னம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் என்ன நஷ்டம்? இரண்டு துப்பாக்கிகளையும் 200 கஜத்தில் குறி வைத்தால் (அந்தத் தூரத்தில் குண்டு சரியாகப் படும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்), 300 கஜத்தில் உங்கள் .300 ஏழு அங்குலம் கீழே அடிக்கும், 165 கிரெய்ன் .308 எட்டரை அங்குலம் கீழே. வித்தியாசம் ஒன்றரை அங்குலம். எல்க்கின் நெஞ்சுக்கூட்டு அகலத்தை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். 500 கஜத்துக்கு அப்பால் போனால் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் காற்றடிக்கும் மலைச்சரிவில், மூச்சு வாங்கும்போது, ஏழு பவுண்டு துப்பாக்கியால் 500 கஜம் சுடவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இலேசான துப்பாக்கி உங்கள் நாடித்துடிப்புக்கே ஆடும். அதை வைத்து 300 கஜத்துக்குள் சுடுவது என்று முடிவு செய்துகொண்டால் கேலிபர் விவாதத்தில் பாதி தானாகவே கரைந்துவிடும்.

இனி .308-ன் பக்கம். 1952-ல் வின்செஸ்டர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, இதன் ராணுவ வடிவமான 7.62 நேட்டோ 1954-ல் வந்தது. 1906-ஆம் வருடத்து .30-06 செய்யும் வேலையைக் குட்டையான தோட்டாவில் செய்வதுதான் நோக்கம். .30-06 தோட்டாவின் அதிகபட்ச நீளம் 3.34 அங்குலம், .308-ன் நீளம் 2.81. தோட்டா குட்டையானால் துப்பாக்கியின் வயிற்றுப்பகுதியான கூடும் குட்டையாகும், தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் ஓட்டமும் குறையும், எடையில் சில அவுன்ஸ் மிச்சம். கிம்பர் மொன்டானா மாதிரி .308 குடும்பத்துக்கென்றே அளந்து செய்த துப்பாக்கி ஸ்கோப் இல்லாமல் ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், கையில் வாங்கும்போது உள்ளே எதையோ வைக்க மறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு கொக்கி இருக்கிறது. ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட் வாங்கப் போகிறீர்கள் என்றால் (நிறையப் பேர் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள், சுமார் மூன்று கிலோ, துருப்பிடிக்காத எஃகு, சொல்கிற இடத்தில் அடிக்கும்), அதில் எல்லா கேலிபருக்கும் ஒரே நீளக் கூடுதான். குட்டைத் தோட்டா வாங்கியதால் எடை குறையும் என்ற வாதம் டிக்காவில் செல்லாது. அப்போது .30-06 வாங்கினால் எடையில் நஷ்டம் எதுவும் கிடையாது, 180, 200 கிரெய்ன் கனமான குண்டுக்கு .308-ஐ விடக் கொஞ்சம் வேகம் கிடைக்கும், உதை மட்டும் கூடும். உங்கள் ஒருவருக்கு மட்டும் துப்பாக்கி, நீங்கள் உதைக்குப் பழகியவர் என்றால் டிக்காவில் .30-06 என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மனைவியும் சுடுவார் என்று எழுதியிருப்பதால்தான் .308-லேயே நிற்கிறேன்.

.308-க்கு இன்னொரு வசதி, குட்டைக் குழலில் அது அதிகம் இழப்பதில்லை. குழலில் ஒரு அங்குலம் குறைத்தால் வினாடிக்கு இருபது, முப்பது அடி வேகம் போகும், மேக்னத்தில் இன்னும் அதிகம் போகும், மருந்து எரிந்து முடிவதற்குள் குழல் முடிந்துவிடும். அதனால் மேக்னத்துக்கு 24 அங்குலக் குழல் வேண்டியிருக்கிறது, .308-க்கு 20 அல்லது 22 போதும். ஆல்டர் புதர்களுக்குள் குனிந்து நுழைகிறவருக்கு அந்த இரண்டு அங்குலம் தெரியும்.

அப்புறம் கடை விஷயம். அலாஸ்காவிலோ கொலராடோவின் மலையடிவாரத்திலோ ஒரு சின்ன ஊர், மீன்பிடிச் சாமானும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடையில் ஒரு மூலையில் தோட்டா அடுக்கு இருக்கும். அதில் .30-06, .308, .270, .300 மேக்னம் இவை அநேகமாக இருக்கும், இப்போதெல்லாம் 6.5 கிரீட்மோரும் இருக்கிறது. 7மி.மீ-08 இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். 2020, 21-ல் அமெரிக்கா முழுவதும் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தபோது தொழிற்சாலைகள் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் 5.56 என்ற ராணுவ வகைத் தோட்டாவுக்கும் ஓடிக்கொண்டிருந்தன, கொஞ்சமாக விற்கும் வேட்டைக் கேலிபர்கள் அலமாரியில் கண்ணிலேயே படவில்லை. இரண்டாவது ரைஃபிள் என்பதே ஏதோ ஒன்று தவறும்போது எடுப்பது, அப்போது தோட்டாவும் தவறிப்போகக் கூடாது.

7மி.மீ-08 பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசே வராது, உண்மையைச் சொன்னால் மென்மையான உதைக்கும் வேலைக்கும் இதைவிடப் பொருத்தமான தோட்டா கிடையாது. .308-ன் கழுத்தைச் சுருக்கி ரெமிங்டன் 1980-ல் கொண்டுவந்தது, வேலையில் 1892-ஆம் வருடத்து 7x57 மவுசருக்குச் சமம். அந்தப் பழைய மவுசருக்கு இங்கிலாந்தில் .275 ரிக்பி என்று பெயர், குமாவோனில் ஜிம் கார்பெட் தூக்கிய துப்பாக்கி, ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் யானைகளையே அதில் வீழ்த்தினார் (அதைப் பார்த்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அவர் சுட்ட இடம் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது). வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவராக இருந்தால், அல்லது துப்பாக்கியை முக்கியமாக மனைவிதான் சுடப் போகிறார் என்றால் 7மி.மீ-08 வாங்குங்கள், பத்துப் பெட்டி சேர்த்து வாங்கி வையுங்கள்.

6.5 கிரீட்மோரை 2007-ல் ஹோர்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்தது இலக்குப் போட்டிக்காக. மானுக்கு அருமை, காற்றில் அதிகம் விலகாது, நீளமான குண்டு ஆழமாகப் போகும். சரியான குண்டோடு எல்க்கும் விழும். ஆனால் நெற்றிக்கு நேரே நிற்கும் எல்க்கோ, இருட்டும் நேரத்தில் நீங்கள் அறுத்துக்கொண்டிருக்கும் மானைத் தேடி வரும் கரடியோ எதிரே இருந்தால், எனக்கு இன்னும் கொஞ்சம் அகலமான, கனமான குண்டு வேண்டும். இது என் விருப்பம்தான், விஞ்ஞானம் என்று சொல்ல வரவில்லை.

கரடி பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். கோடியாக்கில் மான் சுட்டதும் வேகமாக வேலையை முடித்து இறைச்சியை நகர்த்த வேண்டும். கரடிக்காக .338 மாதிரி பெரிய மேக்னம் தூக்க வேண்டும் என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். சிட்கா கறுப்புவால் கடா சராசரி 120 பவுண்டுதான், அதற்கு .338 தேவையே இல்லை. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது, கோடியாக் ஊரில் இறங்கிய பிறகு வாங்குங்கள். அங்கிருந்து மிதவை விமானத்தில் போவதாக இருந்தால் ஸ்ப்ரே இருக்கிறது என்று விமானியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இருக்கைக்குப் பக்கத்தில் அது வெடிப்பதை எந்த விமானியும் விரும்ப மாட்டார்.

கேலிபரைவிட முக்கியம் குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை, இதை யாரும் கேட்பதில்லை. 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தால் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டார், சேறு அப்பிக் காய்ந்திருந்த தோளில் குண்டுகள் மேலேயே சிதறின, உள்ளே போகவில்லை. கையில் இருந்தது மேக்னம்தான், குண்டுதான் ஏமாற்றியது. ஊருக்குப் போய் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றை உருவாக்கினார், 1948-ல் விற்பனைக்கு வந்த நோஸ்லர் பார்ட்டிஷன் அதுதான், இன்றும் கிடைக்கிறது. உங்கள் .308-க்கு 165 கிரெய்ன் பார்ட்டிஷன், அல்லது பார்ன்ஸ் மாதிரி முழுச்செம்புக் குண்டு 150 கிரெய்ன் எடுத்தால் மான், எல்க், மூஸ் மூன்றுக்கும் ஒரே தோட்டா போதும். செம்புக் குண்டு எடை குறைந்திருந்தாலும் உடையாமல் போவதால் 150 தாராளம். என்றைக்காவது கலிஃபோர்னியாவில் வேட்டையாடும் எண்ணம் இருந்தால் அங்கே 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு தடை, செம்புதான் வழி. கொலராடோவின் சட்டம் எல்க்குக்குக் கேட்பது .24 கேலிபருக்குக் குறையாத துப்பாக்கி, 85 கிரெய்னுக்குக் குறையாத குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு சக்தி, இதையெல்லாம் .308 அநாயாசமாகத் தாண்டும்.

நீங்கள் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர் என்றால் இன்னொரு சௌகரியம் இருக்கிறது: .308, .300 மேக்னம் இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், .308 அங்குலம். ஒரே பெட்டிக் குண்டு இரண்டுக்கும் ஆகும். தோட்டா என்று பார்த்தால் இரண்டும் தூரத்திலிருந்தே வேறு வேறு, மேக்னத்துக்கு அடியில் பட்டை இருக்கும், நீளமும் பருமனும் கூட. இருட்டில் கை மாறினாலும் .300 தோட்டா .308 அறைக்குள் போகாது. எதிர்ப்பக்கம் மட்டும் கவனம், .308 குட்டையானது என்பதால் நீள அறைத் துப்பாக்கியின் மேகசினில் தவறிப் போட முடியும். .308-ம் 7மி.மீ-08-ம், அல்லது .308-ம் 6.5 கிரீட்மோரும் ஒரே முகாமில் ஒரே பையில் கிடந்தால் அது உண்மையிலேயே ஆபத்து, சின்னக் குண்டுத் தோட்டா பெரிய அறைக்குள் போய் வெடிக்கவும் வெடிக்கும். துப்பாக்கிக்கு ஒரு நிறப் பை, தோட்டாவுக்கும் அதே நிறப் பை என்று பிரித்து வையுங்கள்.

இனி மழை. எல்லாக் காலநிலைக்கும் என்று எழுதி விற்கிறார்கள், அதில் பாதிதான் நிஜம். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். குழலும் கூடும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் விசைக்குள் இருக்கும் சின்ன ஊசிகள், போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில், ஸ்கோப் வளையத்துத் திருகுகள் பல துப்பாக்கிகளில் சாதாரண எஃகுதான். கடல் காற்றில் ஒரு வாரம் இருந்தால் முதலில் பழுப்பேறுவது திருகுத் தலைகள். தினமும் இரவு போல்ட்டைக் கழற்றித் துடையுங்கள், எண்ணெய் மட்டும் கொஞ்சமாக. கொலராடோவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் காலையில் போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய் இருந்தால் அடிமுள் சோம்பலாகப் போய்த் தட்டும், ‘டக்’ என்பதற்குப் பதில் மந்தமாக ஒரு சத்தம், தோட்டாவின் பின்புறத்தில் இலேசாக ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். அந்தக் குளிருக்குப் போகும் முன் போல்ட்டின் உள்பாகத்தைக் கழுவி உலர்த்திவிடுவதுதான் பழைய ஆட்களின் வழக்கம்.

உங்கள் வால்நட் கட்டையை இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்துக் கூடுவரை இழுத்துப் பாருங்கள். காய்ந்த நாளில் சுலபமாகப் போகும். இரண்டு நாள் மழையில் நனைந்த பிறகு அதே நோட்டு பாதியில் நின்றுவிடும், மரம் ஊதி ஒரு பக்கமாகக் குழலை அழுத்துகிறது என்று அர்த்தம், குறியும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடியிழைக் கட்டை இந்தத் தொல்லையைத்தான் தீர்க்கிறது. அழகு கிடையாது, ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் பழைய கட்டை ஒன்றுக்குப் படகுத் துடுப்பு என்றே பட்டப்பெயர்.

குழல் முனையில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டிவிடுங்கள், மழையும் பனியும் உள்ளே போகாது. டேப்போடு சுடலாம், குண்டு வருவதற்கு முன்னாலேயே காற்றழுத்தம் அதைப் பிய்த்துவிடும், குறி மாறாது. சூடான கூடாரத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள், குளிர்ந்த இரும்பும் ஸ்கோப்பும் உடனே வியர்க்கும், திரும்ப வெளியே வந்தால் அந்த ஈரம் உறையும். கழற்றும் மேகசின் உள்ள துப்பாக்கியாக இருந்தால் இன்னொரு மேகசின் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அது தொலைந்தால் கையில் இருப்பது ஒற்றைச் சுடு துப்பாக்கி.

ஸ்கோப்பில் காசைக் கொட்டி எடையைக் கூட்டாதீர்கள். 2.5-8 அல்லது 3-9 உருப்பெருக்கம், பன்னிரண்டு அவுன்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். இலேசான துப்பாக்கியின் மேல் முக்கால் கிலோ ஸ்கோப் வைத்தால் தலை கனத்து, தோளில் மாட்டி நடக்கும்போது திரும்பிக்கொண்டே இருக்கும். குழல் மெல்லியது, மூன்று குண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் சூடேறிக் குறி பரவும், ரேஞ்சில் அதைப் பார்த்துத் துப்பாக்கி கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆறவிட்டுச் சுடுங்கள், வேட்டையில் குளிர்ந்த குழலின் முதல் குண்டுக்குத்தான் வேலை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ கூடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு, அதற்கு மேல் மாநிலச் சட்டமும் இருக்கிறது. நீங்கள் குடியுரிமை உள்ளவர் என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஊரிலிருந்து வரும் மச்சானை அலாஸ்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தால் மட்டும் யோசியுங்கள், அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவர் அங்கே பெரிய விலங்கு எதை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போகவேண்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இது எதுவுமே பொருந்தாது, அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்துவிட்டது.

விமானத்தில் போகும்போது இரண்டு ரைஃபிளையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், பெட்டி வராமல் போனால் இரண்டும் போச்சு. தனித்தனி கடினப் பெட்டி, தனித்தனிப் பூட்டு, குண்டு நிரப்பாமல், கவுன்டரில் சொல்லிவிட்டு. தோட்டாவுக்குப் பல விமான நிறுவனங்களில் 11 பவுண்டு வரம்பு உண்டு, உங்களுக்கு அதில் கால் பங்கு கூட வேண்டியிருக்காது. கோடியாக்கில் இறங்கியதும் மிதவை விமானம் ஏறுவதற்கு முன் ஊர் ரேஞ்சில் இரண்டையும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். .308-ஐ 200 கஜத்தில் குறி வைத்துவிட்டு ஸ்கோப் குமிழ்களை அதற்கப்புறம் தொடவேண்டாம்.

கிளம்புவதற்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது, அதற்குள் இந்தச் சின்னத் துப்பாக்கியை மேசை மேல் மட்டும் வைத்துச் சுடாமல் உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பை மேல் சாய்த்துச் சுட்டுப் பழகுங்கள். எந்த பிராண்டு, என்ன பட்ஜெட் என்று எழுதினால் துப்பாக்கி பற்றித் தனியாகச் சொல்கிறேன்.